மகனோடு 200 கிலோமீட்டர் கயாக்: ஒரு வருடத் தயாரிப்பில் தெரிந்துகொண்டவை

எனக்கு 58 வயது, மகனுக்கு 31. இன்னும் பதினாறு நாளில் இரண்டு பேரும் ஒரே கயாக் படகில் உட்கார்ந்து துடுப்புப் போட்டு ஆற்றில் 200 கிலோமீட்டர் போவதாக இருக்கிறோம். 36 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும், இரவு பகல் பார்க்காமல் ஓடும் போட்டி, நடுவில் கட்டாய ஓய்வு எதுவும் கிடையாது. இதைக் கேள்விப்படுகிறவர்கள் முதலில் கேட்பது "கை வலிக்காதா?" என்றுதான். வலிக்கும். ஆனால் இந்த ஒரு வருடத்தில் எங்களை அதிகம் படுத்தியது, வலியை ஒருத்தருக்கொருத்தர் சொல்லாமல் மறைத்த பழக்கம். "ஒண்ணும் இல்லடா." "ஒண்ணும் இல்லம்மா." முப்பது வருடமாக அம்மாவும் பிள்ளையும் இப்படித்தான் பேசிவருகிறோம். வீட்டில் அதை வைத்துக் காலம் தள்ளிவிடலாம், ஆறரை மீட்டர் நீளப் படகில் தள்ள முடியாது. வீட்டில் ஒருவரோடு சேர்ந்து இந்த மாதிரிப் போட்டிக்குக் கிளம்ப நினைக்கிறவர்களுக்கு உதவும் என்றுதான் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

முழங்கால் தேய்ந்துவிட்டது, இனி ஓடக் கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகு, 52 வயதில்தான் நான் கயாக்கில் முதன்முதலாக ஏறினேன். மகன் கல்லூரி நாளிலிருந்தே துடுப்புப் போடுகிறவன். போன வருடம் ஒருநாள் ஃபோனில், "அம்மா, ஒரு போட்டிக்கு என்கூட வர்றியா? டபுள் படகு" என்று கேட்டான். நண்பன் யாரோ கடைசி நேரத்தில் கைவிட்டிருப்பான் என்று நினைத்தேன். அப்படி இல்லை, முதலிலேயே என்னைத்தான் கேட்டிருக்கிறான். அது தெரிந்ததும் ஒரு வாரம் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஒத்துக்கொண்ட பிறகு இந்த வகைப் போட்டிகளைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். இங்கிலாந்தில் டிவைஸஸ் ஊரிலிருந்து லண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் வரை 125 மைல், 1948-லிருந்து நடக்கிறது, வழியில் 77 இடங்களில் படகைத் தண்ணீரிலிருந்து எடுத்துத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். டெக்சாஸில் ஒரு போட்டி 260 மைல், 100 மணி நேரம். கனடாவின் யூகான் ஆற்றில் வைட்ஹார்ஸிலிருந்து டாசன் சிட்டி வரை 715 கிலோமீட்டர். மிசௌரி ஆற்றில் 340 மைல் போட்டி ஒன்று உண்டு, அதில் கட்-ஆஃப் வேகத்திலேயே, அதாவது கொடுத்த நேரத்துக்குள் முடிக்கத் தேவையான குறைந்தபட்ச வேகத்திலேயே, பின்னால் வந்துகொண்டிருக்கும் பாதுகாப்புப் படகுக்கு ரீப்பர் என்று பெயர், நம் பேச்சில் சொன்னால் எமன். வழியில் உள்ள செக்பாயிண்ட்டுக்கு அது நமக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டால் போட்டியிலிருந்து வெளியே. இதைப் படித்த பிறகுதான் தூரத்தை வைத்து யோசிப்பதை விட்டு, பின்னால் வரும் அந்தப் படகை வைத்து யோசிக்க ஆரம்பித்தேன். எங்கள் போட்டியிலும் ஒவ்வொரு செக்பாயிண்ட்டுக்கும் கட்-ஆஃப் உண்டு.

ஒரு கணக்கைச் சொல்கிறேன். 200 கிலோமீட்டரை மணிக்கு 7.5 கிலோமீட்டர் வேகத்தில் போனால் 26 மணி 40 நிமிடம். 8 கிலோமீட்டராக ஏற்றினால் 25 மணி நேரம். அந்த அரைக் கிலோமீட்டர் வேகத்தை ஏற்ற மாதக்கணக்கில் உழைக்க வேண்டும், மிச்சமாவது 1 மணி 40 நிமிடம். வழியில் எட்டு செக்பாயிண்ட் இருக்கிறது. ஒவ்வொன்றிலும் 20 நிமிடம் உட்கார்ந்தால் 2 மணி 40 நிமிடம் கரையிலேயே போய்விடும். அதையே பத்துப் பத்து நிமிடமாகக் குறைத்தால் 1 மணி 20 நிமிடம் எந்த உழைப்பும் இல்லாமல் கைக்கு வருகிறது. என் வயதில் வேகத்தை ஏற்றுவது கஷ்டம், கரையில் நேரத்தை வீணாக்காமல் இருப்பது கஷ்டமே இல்லை. அதனால் இறங்குவது, பாட்டில் மாற்றுவது, பை மாற்றுவது, திரும்ப ஏறுவது எல்லாவற்றையும் கடிகாரம் வைத்துப் பழகினோம். முதல் தடவை 24 நிமிடம் ஆனது. இப்போது ஒன்பது.

படகு விஷயத்தில் மகன் ஆசைப்பட்டது ஒரு ஒல்லியான ரேஸிங் டபுளுக்கு. நீளமான, குறுகலான படகு வேகமாகப் போகும், சந்தேகமே இல்லை. ஆனால் அதில் சும்மா உட்கார்ந்திருக்கவே உடம்பு ஓயாமல் சமன் செய்துகொண்டிருக்க வேண்டும். இரண்டாம் மணி நேரத்தில் அது ஒன்றும் தெரியாது, இருபதாம் மணி நேரத்தில், தூக்கக் கலக்கத்தில், இருட்டில் என்ன ஆகும்? கொஞ்சம் அகலமான படகையே எடுத்தோம். புதிதாக வருகிறவர்கள் யாராவது கேட்டால், நீங்கள் களைத்துப்போன நிலையில் எந்தப் படகில் நிம்மதியாக ஒரு வாய் சாப்பிட முடியுமோ அந்தப் படகை எடுங்கள் என்றுதான் சொல்வேன்.

அடுத்தது யார் எங்கே உட்காருவது. முதலில் அவன் முன்னால், நான் பின்னால். முன்னால் இருக்கிறவர்தான் தாளம், பின்னால் இருக்கிறவர் அதைப் பார்த்துப் பார்த்துப் போட வேண்டும். அவனுடைய தாளம் நிமிடத்துக்கு எழுபதுக்கு மேல். அதைப் பிடிக்க நான் பாதி இழுப்பு இழுப்பேன், அப்படியும் பிந்தி, என் துடுப்பு அவன் துடுப்பில் டக்கென்று இடிக்கும். ஒவ்வொரு இடிக்கும் நான் "சாரிடா" என்பேன், அவன் "பரவால்லம்மா" என்பான். ஒரு மாதம் இப்படியே போனது. பிறகு ஒரு பயிற்சியாளர் எங்களைக் கரையிலிருந்து பத்து நிமிடம் பார்த்துவிட்டு, இடத்தை மாற்றுங்கள் என்றார். எடை குறைந்தவர், மெதுவான தாளம் உள்ளவர் முன்னால், கனமானவர் பின்னால், சுக்கானும் அவர் காலில். மாற்றிய முதல் நாளே இடிப்பது நின்றுவிட்டது. மகன் எழுபதிலிருந்து ஐம்பத்தைந்துக்கு இறங்கி என் தாளத்துக்கு வந்தான், ஒவ்வொரு இழுப்பும் நீளமானது, படகின் வேகம் குறையவே இல்லை. நான் முன்னால் வந்ததில் இன்னொன்றும் நடந்தது: நாள் முழுக்க அவன் கண் முன்னால் இருப்பது என் முதுகு. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நிமிடத்துக்கு 55 என்றால் மணிக்கு 3,300. 26 மணி நேரத்தில் 85,000-க்கு மேல். இழுப்பில் சின்னத் தப்பு இருந்தாலும் அத்தனை தடவையும் அதே தப்பு அதே மூட்டில் போய் உட்காரும். துடுப்பைக் கையால் போடுவது என்றுதான் நானும் ரொம்ப நாள் நினைத்தேன். உண்மையில் காலும் இடுப்பும்தான் போடுகின்றன. கால்விரலுக்கு நேரே துடுப்பின் இலை, அதாவது அதன் தட்டையான முனை, தண்ணீரில் முழுக்க இறங்க வேண்டும், அதே பக்கத்துக் காலால் ஃபுட்ரெஸ்ட்டை மிதிக்க வேண்டும், மிதித்ததும் இடுப்பும் மார்பும் சேர்ந்து திரும்பும், இலை இடுப்புக்கு நேரே வந்ததும் வெளியே எடுத்துவிட வேண்டும். அதற்கும் பின்னால் இழுத்தால் படகு முன்னேறாது, தண்ணீரைத்தான் மேலே தூக்குவோம். பிடி தளர்ந்திருக்க வேண்டும், கோழிக்குஞ்சைப் பிடிக்கிற மாதிரி. நான் விரல் வெளுக்கும்வரை இறுக்கிப் பிடிக்கிறவள், அதனால் மூன்றாம் மாதமே மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கத்துத் தசைநார் வீங்கி, சாவியைத் திருப்பக்கூட முடியாமல் போனது. நீண்ட தூரம் துடுப்புப் போடுகிறவர்களுக்கு அடிக்கடி வருவது இது. துடுப்பின் இரண்டு இலைகளுக்கும் நடுவே இருந்த கோணத்தை 60 டிகிரியிலிருந்து 30-க்குக் குறைத்தேன், ஒவ்வொரு இழுப்புக்கும் மணிக்கட்டை முறுக்க வேண்டிய தேவை குறைந்தது. இரண்டு வாரம் ஓய்வு. பிடியைத் தளர்த்தத் தனியாகப் பழகினேன்: துடுப்பு தண்ணீரில் இல்லாத நேரத்தில் மேல் கை விரல்களை விரித்துவிடுவது.

வாரத்தில் மூன்று நாள் தண்ணீர், இரண்டு நாள் எடைப் பயிற்சி. வார இறுதியில் ஒரு நீண்ட படகோட்டம்: இரண்டு மணி நேரத்தில் ஆரம்பித்து நாலு, ஆறு, எட்டு என்று ஏற்றி, அதிகபட்சம் பதினோரு மணி நேரம் வரை போனோம். மூன்று வாரம் ஏற்றினால் நாலாவது வாரம் பாதியாக இறக்கிவிட வேண்டும். மகனுக்கு ஒரு இரவுத் தூக்கத்தில் உடம்பு திரும்பிவிடும், எனக்கு மூன்று நாள் ஆகும். அவனுடைய அட்டவணையை நான் செய்தால் நான் விழுந்துவிடுவேன், என்னுடையதை அவன் செய்தால் அவனுக்குப் போதாது. ஆகவே நீண்ட ஓட்டம் மட்டும் சேர்ந்து, மற்றதெல்லாம் தனித்தனியாக.

இனி அந்த நாளைப் பற்றி.

ஐந்தாவது மாதம், ஆறு மணி நேர ஓட்டம். காலையில் தண்ணீர் 11 டிகிரி. மூன்றாம் மணி நேரத்தில் என் வலது கால் மரத்துவிட்டது, தொடையிலிருந்து பாதம் வரை, கட்டையாக. புதிதில்லை, அதற்கு முந்தைய இரண்டு நீண்ட ஓட்டத்திலும் அப்படித்தான் ஆனது. சொன்னால் "போதும்மா, கரைக்குப் போயிடலாம்" என்பான், என்னால் அவன் பயிற்சி கெடும், அப்புறம் அவன் வேறு யாரையாவது சேர்த்துக்கொண்டிருக்கலாமே என்று எனக்கு உறுத்தும். வாயை மூடிக்கொண்டு போட்டேன். ஒரு பாலத் தூணுக்குப் பின்னால், நீரோட்டம் இல்லாத இடத்தில் நிறுத்தித் தண்ணீர் குடித்தோம். அங்கிருந்து ஆற்றின் ஓட்டத்துக்குள் திரும்பவும் நுழையும்போது, ஓட்டம் போகிற பக்கமாகப் படகைச் சாய்த்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் வரும் தண்ணீர் மேல்பக்கத்து விளிம்பை அமுக்கிக் கவிழ்த்துவிடும். மகன் "வலப்பக்கம் சாய்ஞ்சுக்கோ" என்றான். வலது முழங்காலைப் படகின் பக்கத்தில் முட்டுக்கொடுத்துச் சாய வேண்டும். எனக்கு அப்படி ஒரு முழங்கால் இருப்பதே தெரியவில்லை. கவிழ்ந்தோம்.

குளிர்ந்த தண்ணீர் பற்றி கார்டன் கீஸ்பிரெக்ட் என்ற கனடாப் பேராசிரியர் சொல்லிவரும் 1-10-1 என்ற கணக்கை அதற்கு முன்பே படித்திருந்தேன். முதல் ஒரு நிமிடம் மூச்சு நம் கட்டுப்பாட்டில் இருக்காது, அதை அடக்கிக்கொள்வது மட்டும்தான் வேலை. அடுத்த பத்து நிமிடம் கை கால் உருப்படியாக இயங்கும். நினைவு தப்ப ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். தண்ணீர் உறைநிலைக்குப் பக்கத்தில் இருக்கும்போதுள்ள கணக்கு அது, 11 டிகிரியிலேயே அந்த முதல் நிமிடம் எப்படி இருக்கும் என்று அன்று பார்த்தேன். லைஃப் ஜாக்கெட் காது வரை ஏறி நிற்கிறது, அதன் ஆரஞ்சு நிற விசில் மூக்குக்கு முன்னால் மிதந்து ஆடுகிறது, யாரோ நாய் மாதிரி இரைக்கிறார்கள், அது என் சத்தம்தான் என்று தெரிய நேரமானது. "படகைப் பிடி, மூச்சை மட்டும் பாரு" என்று அவன் கத்திக்கொண்டே இருந்தான். படகோடு நீந்திக் கரை சேர எட்டு நிமிடம் ஆகியிருக்கும்.

கரையில் உலர்ந்த துணிப் பையைத் திறந்தால் உள்ளே எல்லாம் சொதசொதவென்று ஈரம். என் விரல்கள் எதையும் பிடிக்கவில்லை. லைஃப் ஜாக்கெட் பையில் இருந்த அலுமினியப் போர்வையின் உறையை அவன் பல்லால் கிழித்து என்னைச் சுற்றினான். அவன் கையும் நடுங்கியது. நல்லவேளை காற்று இல்லை, வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டான்.

"கால் எப்போ மரத்துச்சு?"

"மூணாவது மணியில."

"இன்னிக்கு மட்டுமா?"

"போன ரெண்டு தடவையும்."

அவன் ஒன்றும் பேசவில்லை. ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பை ஒழுகுதுன்னு எனக்கு ரெண்டு வாரமாத் தெரியும்மா. சொன்னா நீ பயந்துடுவ, வாங்கி வச்சுட்டு அப்புறம் சொல்லலாம்னு..." என்றான். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான். பெரியவனான பிறகு அவன் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

கால் மரத்ததற்குக் காரணம் என்ன தெரியுமா? இருக்கையின் முன்விளிம்பு தொடையின் அடியில் அழுத்திக்கொண்டிருந்தது, ஃபுட்ரெஸ்ட்டும் எனக்கு ஒரு புள்ளி தள்ளி இருந்தது. தொடைக்கு அடியில் மூன்று சென்டிமீட்டர் ஃபோம் வைத்து, ஃபுட்ரெஸ்ட்டை ஒரு புள்ளி கிட்டே நகர்த்தியதும் போய்விட்டது. ஒரு சாயங்கால வேலை. வயதாகிவிட்டது, அதனால்தான் என்று நானே முடிவு கட்டிக்கொண்டு வாரக்கணக்கில் மறைத்தது அதைத்தான். உங்களுக்குக் கால் மரத்தால் தயவுசெய்து முதலில் இருக்கையைப் பாருங்கள்.

பைகளை அதிலிருந்து ஒவ்வொரு நீண்ட ஓட்டத்துக்கு முன்பும் சோதிக்கிறோம். காற்றை அடைத்து, வாயை மூன்று சுற்றுச் சுருட்டி மூடி, தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிப் பிடித்தால் ஓட்டை இருக்கும் இடத்தில் குமிழி வரும். மாற்றுத் துணியை இரண்டு பைகளில், பைக்குள் பையாக வைக்கிறோம். அப்புறம், ஆழமும் ஓட்டமும் இல்லாத இடத்தில், பக்கத்தில் இன்னொரு படகை நிறுத்திக்கொண்டு, போட்டிக்குப் போடும் அதே உடையில் வேண்டுமென்றே பத்துப் பன்னிரண்டு தடவை கவிழ்த்தோம். படகுக்குள் தண்ணீர் வராமல் இடுப்பைச் சுற்றி மூடும் ஸ்ப்ரே ஸ்கர்ட்டின் முன்வாரைக் கண்ணை மூடிக்கொண்டு பிடித்து இழுக்கத் தெரிய வேண்டும், முதலில் ஒருத்தர் ஏறும்போது மற்றவர் எதிர்ப்பக்கம் தொங்கிப் படகைச் சமன் செய்ய வேண்டும். ஆறு நிமிடம் பிடித்தது, இப்போது இரண்டுக்குள் இருவரும் ஏறிவிடுகிறோம்.

அந்த நாளுக்குப் பிறகுதான் எண் சொல்லும் பழக்கத்தைக் கொண்டுவந்தோம், இந்தக் கட்டுரையில் எதையாவது எடுத்துக்கொள்வதென்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். அரை மணிக்கு ஒருமுறை கடிகாரம் கூவும். இரண்டு பேரும் பத்துக்கு எத்தனை என்று ஒரு எண் சொல்ல வேண்டும். பத்து என்றால் இப்போதுதான் படகில் ஏறினது போல. ஆறுக்குக் கீழே போனால் எது என்று சொல்ல வேண்டும்: கை, வயிறு, கால், தூக்கம், பயம், எதுவானாலும். நாலுக்குக் கீழே என்றால் வாதமே இல்லை, கரை. எண்ணைக் கேட்டவர் உடனே ஆறுதல் சொல்லவோ திட்டவோ கூடாது, "சரி" என்று மட்டும் சொல்ல வேண்டும், என்ன செய்வது என்று பிறகு பேசலாம். இந்தக் கடைசி விதியை மகன்தான் போட்டான். நான் பதறுவேன் என்பதால்தானே அவன் மறைத்தான், அவன் உடனே நிறுத்திவிடுவான் என்பதால்தானே நான் மறைத்தேன்.

முதல் சில வாரம் நான் எப்போதும் எட்டு என்றே சொன்னேன், வாய் தானாகச் சொல்லிவிடும். ஒருநாள் பின்னாலிருந்து, "அம்மா, உன் வலது தோள் அஞ்சுன்னு சொல்லுது" என்றான். களைத்தால் என் வலது தோள் காதை நோக்கி ஏறிவிடுமாம், நாள் முழுக்கப் பார்க்கிறவனுக்குத் தெரியாதா. "சரி, அஞ்சரை" என்றேன். அப்படித்தான் பழகியது. எனக்கு அவன் முதுகு தெரியாது, ஆகவே நான் காதை வைத்துக் கண்டுபிடிக்கிறேன்: அவன் நன்றாக இருந்தால் இலை தண்ணீரில் சத்தமில்லாமல் இறங்கும், களைத்தால் தளக் தளக் என்று அறையும்.

இதோடு சேர்ந்த இன்னொரு விஷயத்தை எழுத யோசித்தேன், எழுதிவிடுகிறேன், ஏனென்றால் பெண்கள் பலர் இதனாலேயே நீண்ட போட்டிகளைத் தவிர்க்கிறார்கள். சிறுநீர். பின்னால் மகன் உட்கார்ந்திருக்கிறான். அவன் இருக்கும்போது எப்படி என்று நான் தண்ணீரே குடிக்காமல் சமாளித்தேன். ஏழு மணி நேர ஓட்டம் ஒன்றில் ஒரு லிட்டர்கூடக் குடித்திருக்க மாட்டேன். கடைசியில் மண்டையைப் பிளக்கும் தலைவலி, கெண்டைக்காலில் தசைப்பிடிப்பு, குமட்டல். எண் கேட்டபோது மூன்று என்றேன், எது என்று கேட்டபோது சொல்ல வேண்டியதாகிவிட்டது. "சரி" என்றான், விதிப்படி. மறுநாள் அவனே இதற்கென்று வரும் புனல் ஒன்றைப் பற்றிய இணைப்பை அனுப்பி, "ப்ராக்டிஸ் பண்ணு, நான் கண்ணை மூடிட்டு சுக்கானைப் பிடிச்சுக்கறேன்" என்று எழுதியிருந்தான். முதலில் குளியலறையில் நின்று, பிறகு தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, பிறகு கரையோரம் கட்டிய படகில் என்று மூன்று கட்டமாகப் பழகினேன். இடுப்பில் முன்பக்கம் திறக்கும் உடை தேவை. கொஞ்சம் பின்னால் சாய்ந்து, இருக்கையின் முன்விளிம்புக்கு வர வேண்டும், அவன் துடுப்பைத் தண்ணீரில் படுக்க வைத்துப் படகை ஆடாமல் பிடித்துக்கொள்வான். ஒரு நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. மூன்று மாத வெட்கம் அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான்.

இப்போது தாகத்துக்குக் குடிக்கிறேன். வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடிப்பதும் ஆபத்து, ரத்தத்தில் சோடியம் குறைந்து குழப்பமும் வாந்தியும் வரலாம், ஆகவே உப்பும் சேர்ந்தே உள்ளே போக வேண்டும். சாப்பாட்டில் மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து என்பது எங்கள் இலக்கு. காகிதத்தில் சுலபம். ஆறாம் மணி நேரத்துக்குப் பிறகு இனிப்பு ஜெல்லைக் கண்டாலே எனக்கு வயிறு புரட்டும், உப்புப் போட்டு வேகவைத்த சின்ன உருளைக்கிழங்கு மட்டும் எப்போது கொடுத்தாலும் இறங்கும். அவனுக்கு நேர்மாறு. வயிறையும் தசை மாதிரியே பழக்க வேண்டியிருக்கிறது, போட்டியில் சாப்பிடப்போவதை நீண்ட ஓட்டங்களில் அதே இடைவெளியில் சாப்பிட்டுப் பாருங்கள்.

இரவு. சாயங்காலம் ஆறு மணிக்குக் கிளம்பிக் காலை ஐந்து வரை போன அந்தப் பதினோரு மணி நேர ஓட்டம்தான் எனக்கு இந்த வருடத்திலேயே பிடித்த நாள். நிலா இருந்தது. தலைவிளக்கை எரியவிட்டால் பனித்துளிகள் வெள்ளைச் சுவர் மாதிரி முன்னால் நின்றுவிடுகின்றன, எதுவும் தெரியாது. அணைத்துவிட்டால் கண் பழகி ஆற்றின் இரண்டு கரையும் மெல்லத் தெரிய ஆரம்பிக்கும். படகின் முன்னால் சிவப்பு பச்சை விளக்கும் பின்னால் வெள்ளை விளக்கும் இருப்பது மற்ற படகுகளுக்காக. மூன்று மணிக்கு மேல்தான் கஷ்டம், உடம்பின் வெப்பம் குறைந்து தூக்கம் தள்ளும் நேரம். இடது கரையில் நாலு பேர் குந்தி உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தர் கையைத் தூக்கினார். "அங்கே ஆள் இருக்காங்களா?" என்று கேட்டேன். "எனக்கு மரக்கட்டைதான் தெரியுது, ஆனா அந்தப் பக்கம் ஒரு பஸ் நிக்குதும்மா" என்றான். அந்தப் பக்கம் வெறும் புதர். இந்த வகைப் போட்டிகளில் எத்தனையோ பேர் இதே மாதிரிக் காட்சிகளைச் சொல்லியிருக்கிறார்கள், தூக்கமில்லாத மூளை நிழலுக்கெல்லாம் உருவம் கொடுக்கும். அன்றிலிருந்து எதைப் பார்த்தாலும் மற்றவரைக் கேட்காமல் படகைத் திருப்புவதில்லை. இரண்டு பேருக்கும் இல்லாத ஒன்று தெரிய ஆரம்பித்தால் கரை ஒதுங்கிப் பதினைந்து நிமிடத் தூக்கம், அலாரம் வைத்துக்கொண்டு.

இரவில் பயப்பட வேண்டியது உண்மையான மரத்துக்கு. ஆற்று வளைவின் வெளிப்பக்கத்தில்தான் ஓட்டம் வேகம், அதனால் எல்லோரும் அங்கே போகத்தான் ஆசைப்படுவோம். அதே ஓட்டம்தான் அந்தக் கரையை அரித்து மரங்களைத் தண்ணீருக்குள் சாய்க்கிறது. சாய்ந்த மரத்தின் கிளைகளுக்குள் தண்ணீர் புகுந்து போய்விடும், படகும் ஆளும் போக முடியாது, ஓட்டம் கிளையோடு சேர்த்து அமுக்கிப் பிடித்துக்கொள்ளும். நல்ல நீச்சல்காரர்களையும் கொன்றிருக்கிறது. பகலில் வெளிவளைவு, இரவில் ஆற்றின் நடு அல்லது உள்பக்கம், கொஞ்சம் நேரம் போனாலும் பரவாயில்லை. பகலில் தண்ணீரின் மேல் தெரியும் அம்புக்குறிகளையும் படிக்கக் கற்றுக்கொண்டேன்: அம்புமுனை ஓட்டம் போகும் திசையைக் காட்டினால் அது வழி, நம்மை நோக்கிக் காட்டினால் முனையில் ஒரு கல் இருக்கிறது.

கரையில் எங்கள் ஆள் என் வீட்டுக்காரர். முதல் சில தடவை நாங்கள் வந்து நின்றதும் "என்ன வேணும், எப்படி இருக்கு, ரொம்ப முடியலையா" என்று கேட்டுக்கொண்டே நிற்பார், பாவம், கவலை. களைத்தவளிடம் என்ன வேண்டும் என்று கேட்டால் எதுவும் வேண்டாம் என்றுதான் பதில் வரும். இப்போது அவர் கேட்பது எங்கள் எண்களை மட்டும். பாட்டிலையும் உருளைக்கிழங்கையும் கையில் திணிக்கிறார், பட்டியலைப் பார்த்து உரக்கப் படிக்கிறார், ஒன்பதாவது நிமிடத்தில் படகைத் தள்ளிவிடுகிறார். தள்ளிவிட்டு வளைவு மறையும்வரை நிற்கிறார் என்று மகன் சொன்னான், நான் முன்னால் இருப்பதால் எனக்குத் தெரியாது.

கடைசி நீண்ட ஓட்டம் போன வாரம் முடிந்தது. இனி போட்டிவரை தூரத்தைப் பாதி, பிறகு கால்வாசி என்று குறைத்துக்கொண்டே போக வேண்டும், புதிதாக எதையும் முயற்சி செய்யக் கூடாது, கையில் தோல் தடித்த இடங்களைத் தேய்த்துச் சமமாக்கி வைத்துக்கொள்ள வேண்டும், கொப்புளம் வரும் இடங்களில் வருவதற்கு முன்பே டேப் ஒட்டிவிட வேண்டும்.

நேற்று ராத்திரி பத்து மணிக்கு மகன் கூப்பிட்டான். எடுத்ததும், "அம்மா, இடது தோள் நாலு" என்றான்.

எனக்கு நெஞ்சு திக்கென்றது. நுனிநாக்கு வரை வந்ததை விழுங்கிவிட்டு "சரி" என்றேன். எப்போதிருந்து என்று கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை படகை வண்டி மேல் ஏற்றும்போது சுளுக்கியதாம், இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று பார்த்தானாம், ஆகவில்லையாம். இரண்டு பேரும் ஃபோனிலேயே பேசி முடிவு செய்தோம்: நாளைக்கு ஃபிசியோவைப் பார்க்கிறான், ஆறு நாள் துடுப்பைத் தொடுவதில்லை, அடுத்த வியாழக்கிழமை அரை மணி நேரம் மட்டும் தண்ணீரில் இறங்கிப் பார்க்கிறோம். அன்றைக்கு ஏழுக்குக் கீழே இருந்தால் பெயரைத் திரும்ப வாங்கிவிடுவது. அவன் "உனக்கு எப்படி இருக்கு?" என்றான். மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னேன்: "ஏழு. கட்டைவிரல் பக்கம் லேசா இழுக்குது."

"சரி" என்றான்.